எந்த நாற்காலியில் உட்கார்வது?

இதனால் சகலருக்கும் தெரிவிக்கப்படுவது என்னவென்றால், மூத்த அரசு அலுவலர்கள் மற்றும் பொதுத்துறை வல்லுநர்கள் சங்கம் தன் நெடிய வரலாற்றில் முதன்முறையாகக் கோபப்பட்டுவிட்டது. கோபப்படுவதற்கான தீர்மானம் முறைப்படி முன்மொழியப்பட்டு, வழிமொழியப்பட்டு, ஒருமனதாக நிறைவேறியது. உறுப்பினர் ஒருவருக்கு நேரவிருக்கும் அநீதியைக் கண்டித்து, நாட்டின் நிர்வாகமே கிடுகிடுக்கும் வண்ணம், வரும் வாரத்தில் ஒரு நாள், மதிய உணவு இடைவேளையில், அனைவரும் அவரவர் அறையில் அவரவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போராடுவார்கள்.

அந்த உறுப்பினர் கூட்ட அறையின் கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நீர் ஆய்வகத்தின் தலைமை வேதியியலாளர். தலைமை என்பதெல்லாம் ஆய்வகத்தில். சங்கத்தில் துறை அந்தஸ்துப்படிதான் இருக்கை. பொறியாளர்களுக்குக் கைப்பிடி வைத்த நாற்காலி, மருத்துவர்களுக்கு மெத்தை வைத்தது, வேதியியலாளருக்கு மடக்கு நாற்காலி.

"அடுத்த வாரம் போராட்டம் சரிங்க சார்," என்றாள். "எனக்கு விசாரணை இன்னைக்கு மூணு மணிக்கு."

பொதுச் செயலாளர் தலையாட்டினார். கணக்காய்வுத் துறைக்காரர். எதைச் சொன்னாலும் "இருப்பினும்" என்று ஆரம்பிப்பதால் அவர் பேரே இருப்பினும் ஆகிவிட்டது. "இருப்பினும், தீர்மானம் ரொம்ப நல்லா வந்திருக்கும்மா. வாசிச்சுப் பார்த்தீங்களா?"

வாசித்திருந்தாள். தீர்மானம் நன்றாகத்தான் வந்திருந்தது. அவளைத்தான் அதில் காணவில்லை.

விஷயம் இதுதான். பெரிய மருத்துவமனைக்குப் போகும் தொட்டியின் தண்ணீரில் அலுமினியம் அளவுக்கு மேல் இருந்தது. அவள் மூன்று முறை சோதித்துப் பார்த்துவிட்டு, மேலிடத்து அனுமதிக்குக் காத்திருக்காமல் வால்வை மூடச் சொல்லி, 'இந்தத் தண்ணீரைப் பயன்படுத்தாதீர்கள்' என்று பலகையும் வைத்துவிட்டாள். அன்றிலிருந்து மருத்துவமனைக்கு டேங்கர் லாரியில் தண்ணீர் போகிறது. பலகை படம் எல்லார் கைபேசிக்கும் போய்ச் சேர்ந்தது. தண்ணீரில் அலுமினியம் இருந்தது யாரையும் அவ்வளவாக உறுத்தவில்லை. பலகைக்கு அனுமதி இல்லாததுதான் உறுத்தியது. பணிநீக்கம் ஏன் செய்யக்கூடாது என்று கேட்டு விசாரணை வைத்துவிட்டார்கள்.

அவளுக்கு வேறொரு பயமும் இருந்தது. கணவருக்குச் சிறுநீரகம் இரண்டும் போய், வாரத்தில் மூன்று நாள் அதே மருத்துவமனையில் ரத்தச் சுத்திகரிப்பு. அவளுடைய அரசு மருத்துவ அட்டையில்தான் அந்தப் படுக்கை. வேலை போனால் அட்டை போகும். தொட்டியைத் திறந்தால் அந்தத் தண்ணீர் இயந்திரம் வழியாக அவர் ரத்தத்தைத் தொட்டுக்கொண்டு ஓடும். அலுமினியம் மூளைக்கும் எலும்புக்கும் போய் உட்காரும். மருத்துவமனையில் வடிகட்டி இருக்கிறது, உண்மைதான். அதன் சவ்வு கிழிந்து, புதுச் சவ்வு வாங்கும் கோப்பு எந்த மேசையில் தூங்குகிறது என்று அந்த அறையில் இருந்த யாராவது ஒருவருக்குத் தெரிந்திருக்கும்.

காலையில் கணவர் கேட்டார்: "ஏம்மா, சங்கம் இருக்குல்ல?"

"இருக்குங்க. அதான் கவலையா இருக்கு."

அவர் சிரித்தார். சிரித்தால் அவருக்கு மூச்சு வாங்கும். தங்கை மதியம் வந்து அவரை மருத்துவமனைக்குக் கூட்டிப்போவதாக ஏற்பாடு.

அவளுக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு வாக்கியம். சங்கப் பிரதிநிதி விசாரணையில் எழுந்து "மறுசோதனை கேட்கிறோம்" என்று சொன்னால், விதிப்படி விசாரணை அங்கேயே நிற்கும். மாதிரி வெளி ஆய்வகத்துக்குப் போகும். முடிவு வரும்வரை தொட்டியும் மூடியிருக்கும், வேலையும் இருக்கும். குற்றம்சாட்டப்பட்டவர் அதைத் தானே கேட்க முடியாது. பிரதிநிதிதான் கேட்கவேண்டும். அந்த விதியைப் போராடி வாங்கிக் கொடுத்ததே இந்தச் சங்கம்தான். ஆண்டு மலரில் ஒவ்வொரு வருடமும் போட்டுக்கொள்கிறார்கள்.

"கூட யார் வர்றீங்க சார்?" என்று கேட்டாள்.

அறையில் திடீரென்று எல்லாருக்கும் பிஸ்கட்மேல் ஆசை வந்தது.

இருப்பினும்தான் தொண்டையைச் செருமினார். "விசாரணை அதிகாரியைவிட மூத்தவங்கதான் பிரதிநிதியா போறது நம்ம வழக்கம். ஜூனியர் போய் சீனியரை எப்படிம்மா கேள்வி கேட்கறது? நாளைக்கு அவனவனும் கேட்க ஆரம்பிச்சிடுவான்."

விசாரணை அதிகாரி யார் என்று அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லை. அவர் அங்கேயே, மேசையின் நடுவில், தேநீரை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். நகர நிர்வாகத்தின் கூடுதல் செயலாளர், சங்கத்தின் துணைத்தலைவர். சற்று முன் அவளுக்கு ஆதரவான தீர்மானத்துக்கு முதல் கையைத் தூக்கியவரும் அவரே.

அவரைவிட மூத்தவர் என்று சொல்லிக்கொள்ளக்கூடியவர் ஒருவர்தான். பக்கத்தில் அதே மாதிரி நாற்காலியில் உட்கார்ந்திருந்த தலைவர், சாலைத் துறையின் தலைமைப் பொறியாளர். சிக்கல் என்னவென்றால், இருவரும் ஒரே நாளில் பணியில் சேர்ந்தவர்கள். யார் காலையில் கையெழுத்துப் போட்டார், யார் மதியம் போட்டார் என்ற வழக்கு தீர்ப்பாயத்தில் பல வருடங்களாக நிலுவையில் இருந்தது. தீர்ப்பு வரும்வரை இருவரும் ஒருவரையொருவர் சார் என்று கூப்பிடுவதில்லை. சேர்ந்து ஒரு கதவருகே வந்துவிட்டால், மூன்றாவது ஆள் யாராவது வந்து கதவைத் திறந்து உள்ளே போகும்வரை இருவரும் வானிலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள்.

"சார், நீங்க வாங்க," என்றாள் தலைவரிடம். "ஒரே ஒரு வாக்கியம். வேற ஒண்ணுமே பேச வேண்டாம். வந்து உக்காந்தா போதும்."

"எந்த நாற்காலியில?" என்றார் தலைவர்.

அவளுக்குப் புரியவில்லை.

"விசாரணை அறையில மேசைக்கு அந்தப் பக்கம் பெரிய நாற்காலி. இந்தப் பக்கம் சின்னது. அவர் பெருசுல உக்காந்து, நான் சின்னதுல உக்காந்தா, தீர்ப்பாயத்துல அதைத்தான் முதல் ஆதாரமா வைப்பாங்க. என் வக்கீல் மூச்சு விடக்கூடாதுன்னு சொல்லியிருக்கார்."

"நான் வேணா அந்தச் சின்ன நாற்காலியை எடுத்துடச் சொல்றேனே," என்றார் துணைத்தலைவர் பெருந்தன்மையாக. "அவர் நிக்கட்டும்."

"பாத்தீங்களா!" என்றார் தலைவர்.

அவள் எழுந்துவிட்டாள். மடக்கு நாற்காலி தானாக மடங்கிக்கொண்டது. "சார், என் வீட்டுக்காரர் வாரத்துல மூணு நாள் மெஷின்ல படுக்கறார். என் வேலை இருந்தாத்தான் அவருக்குப் படுக்கை. தொட்டி மூடியிருந்தாத்தான் அவருக்கு உயிர். ரெண்டுக்கும் சேர்த்து ஒரு வாக்கியம் கேட்கறேன். இருபது வருஷம் சந்தா கட்டியிருக்கேன் சார். கால்ல வேணா விழறேன்."

"சேச்சே," என்றார் இருப்பினும். "உறுப்பினர்கள் கால்ல விழறதுக்கு நம்ம விதியில இடமில்லை."

அப்போது கடைசியிலிருந்து இரண்டாவது மடக்கு நாற்காலியிலிருந்து ஒரு குரல் வந்தது. "நான் வரேன்மா."

கால்நடை மருத்துவர். கனத்த உடம்பு, சட்டைக்கையில் எப்போதும் ஏதாவது ஒரு பிராணியின் முடி. சங்கத்தில் அவருக்கும் கீழே வேதியியலாளர் மட்டும்தான்.

"நீங்களா?" என்றார் இருப்பினும். "உங்களுக்கு அங்கீகாரம் வேணுமே டாக்டர். தலைவர் விசாரணை அதிகாரிக்குக் கடிதம் கொடுக்கணும்."

எல்லாரும் தலைவரைப் பார்த்தார்கள். தலைவர் பேனாவை எடுத்தார். வேதியியலாளருக்கு ஒரு நொடி நெஞ்சு குளிர்ந்தது. தலைவர் பேனாவை மூடினார்.

"கடிதம் எழுதினா, கடைசியில 'தங்கள் மேலான பார்வைக்குச் சமர்ப்பிக்கிறேன்'னு முடிக்கணும். அப்படி முடிச்சா என் வழக்கும் அதோட முடிஞ்சது. என்னைச் சிக்க வைக்காதீங்க டாக்டர்."

"சமர்ப்பிக்காம சும்மா அனுப்புங்களேன் சார்," என்றார் கால்நடை மருத்துவர்.

"அநாகரிகம்!" என்றார்கள் தலைவரும் துணைத்தலைவரும் ஒரே குரலில். பல வருடங்களில் அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அது.

கூட்டம் நன்றியுரையோடு முடிந்தது.

விசாரணை அறை இரண்டு மாடி மேலே. படியேறும்போது கால்நடை மருத்துவர் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்: "கவலைப்படாதீங்க. கடிதம் இல்லாட்டி என்ன, வாய் இருக்கு. உள்ள போன உடனே சொல்லிடறேன். சொன்னது சொன்னதுதானே?"

"உங்களுக்கு ஏதாவது ஆயிடப்போகுது டாக்டர்."

"என்ன செய்வாங்க? மாட்டாஸ்பத்திரிக்கு மாத்துவாங்க. அங்கதானே இருக்கேன்!"

காலையிலிருந்து அவள் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

உள்ளே பெரிய நாற்காலியில் துணைத்தலைவர், இப்போது விசாரணை அதிகாரியாக, உட்கார்ந்திருந்தார். முகம்கூட வேறு முகமாக இருந்தது.

"இவர் யார்?" என்றார்.

"சார், இப்பத்தான் கீழ உங்க எதிர்ல உக்காந்து பிஸ்கட் சாப்பிட்டவர்," என்றாள் வேதியியலாளர்.

"அது சங்கம். இது அரசாங்கம். அங்கீகாரக் கடிதம் இருக்கா?"

"மறுசோதனை கேட்கிறோம்!" என்று கால்நடை மருத்துவர் சத்தமாகச் சொன்னார். அறையே அதிர்ந்தது. சுருக்கெழுத்தாளர் பேனாவை உயர்த்தி அதிகாரியைப் பார்த்தார்.

"எழுதாதீங்க," என்றார் அதிகாரி. "அங்கீகாரம் இல்லாதவர் பேசினா அது பேச்சு இல்லை, சத்தம். டாக்டர், வெளியே இருங்க."

கதவு சாத்தப்பட்டது. அவள் தனியாகச் சின்ன நாற்காலியில் உட்கார்ந்தாள். அதில் உட்கார்வது அவ்வளவு ஒன்றும் கஷ்டமாக இல்லை.

அதிகாரி குரலைத் தாழ்த்தினார். "பாருங்கம்மா, நானும் மனுஷன்தான். உங்க வீட்டுக்காரர் விஷயம் எனக்கும் வருத்தமாத்தான் இருக்கு. ஒரு வரி எழுதிக்குடுங்க. சோதனையில பிழை நடந்துடுச்சுன்னு. ஒரு எச்சரிக்கையோட முடிச்சிடறேன். வேலையும் இருக்கும், அட்டையும் இருக்கும்."

"எழுதிக்குடுத்தா தொட்டி?"

"பிழைன்னா தொட்டியில கோளாறு இல்லைன்னுதானே அர்த்தம்? திறந்துதானே ஆகணும்."

"திறக்கறதுக்கு முன்னால ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, வேற யாரையாவது வச்சுச் சோதிச்சுப் பாருங்க சார். நான் எழுதிக்குடுக்கறேன். பிழைன்னு எழுதறேன், எனக்குப் பைத்தியம்னு வேணாலும் எழுதறேன்."

"அது இந்த விசாரணையோட வரம்புக்குள்ள வராது."

காகிதத்தை அவள் பக்கம் தள்ளினார். அவள் பேனாவை எடுத்தாள். எழுதினால் கணவருக்குப் படுக்கை இருக்கும், அந்தப் படுக்கைக்கு அந்தத் தண்ணீர் வரும். எழுதாவிட்டால் படுக்கை போகும். தனியார் மருத்துவமனையில் எத்தனை வாரம் தாக்குப்பிடிக்க முடியும் என்று நேற்றே கணக்குப் போட்டுப் பார்த்து, பாதியில் நிறுத்தியிருந்தாள். அந்தக் கூடத்தில் வரிசையாகக் கிடக்கும் மற்ற படுக்கைகளை நினைத்தாள். அவர்களுடைய மனைவிமார் யாரும் வேதியியலாளர்கள் இல்லை. அந்தக் குழாயில் வருவது என்னவென்று அவர்களுக்கு யார் சொல்வார்கள்?

'சோதனையில்' என்று ஒரு வார்த்தை எழுதினாள். அடுத்த வார்த்தையை எழுதினாள். வாக்கியத்தை முடித்துக் காகிதத்தைத் தள்ளினாள்.

அதிகாரி வாசித்தார். 'சோதனையில் பிழை இல்லை' என்றிருந்தது.

"உங்க இஷ்டம்," என்று பெருமூச்சு விட்டார். பணிநீக்க ஆணை தயாராகத் தட்டச்சாகி இழுப்பறையில் இருந்தது. அரசாங்கம் சில நாட்களில் அபாரமான வேகம் காட்டும். அவளுக்கு அடுத்த நிலை வேதியியலாளர் பக்கத்து அறையில் ஏற்கெனவே காத்திருந்தார். அவர் பொறுப்பேற்றுப் போட்ட முதல் கையெழுத்து, தொட்டியில் கோளாறு இல்லை என்ற சான்று.

பொறுப்பை ஒப்படைக்கும் படிவங்களில் எல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டு அவள் வெளியே வந்தபோது கால்நடை மருத்துவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். இருப்பினும் ஓட்டமும் நடையுமாக வந்தார்.

"ரொம்ப வருத்தமா இருக்கும்மா. இருப்பினும், பணிநீக்கம் ஆனவங்க தானாகவே உறுப்பினர் தகுதியை இழக்கறாங்க. உறுப்பினர் அல்லாதவங்களுக்காக நாம போராட முடியாது. அடுத்த வாரப் போராட்டத்தைக் கைவிடறதாச் சுற்றறிக்கை அனுப்பிட்டேன்."

பின்னாலேயே தலைவர் வந்தார். அவள் தோள்மேல் கை வைப்பதுபோல் வந்து, வைக்காமல், குனிந்து மெதுவாகக் கேட்டார்: "உள்ள அவர் அந்தப் பெரிய நாற்காலியிலயா உக்காந்திருந்தார்?"

கைபேசி அடித்தது. தங்கை.

"அக்கா, நல்ல சேதி! டேங்கர் இனிமே வேண்டாமாம், குழாய்ல தண்ணி வந்துடுச்சு. நர்ஸெல்லாம் சந்தோஷமா இருக்காங்க. மாமாவை இப்பத்தான் மெஷின்ல போட்டாங்க."

"நிறுத்தச் சொல்லு!"

"என்னக்கா?"

"மெஷினை நிறுத்தச் சொல்லு! எல்லா மெஷினையும்! ஓடு, நான் சொன்னேன்னு சொல்லு!"

தங்கையின் காலடி கேட்டது, கதவு கேட்டது, யாரோ பேசுவது கேட்டது. வேதியியலாளர் படியில் பாதி இறங்கியிருந்தாள். கால்நடை மருத்துவர் பின்னால் ஓடிவந்தார். தங்கை மறுபடி பேசினாள்.

"அக்கா, சொல்லிட்டேன். ஆய்வகத் தலைமை எழுத்துல கொடுத்தா உடனே நிறுத்தறாங்களாம்."

ஆய்வகத் தலைமை ஏற்கெனவே எழுத்தில் கொடுத்தாயிற்று.