ஐப்பசியில் அளந்த கிணறு

1

கம்பத்தில் ஒரு மோட்டார் கடையில், பழைய ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் மடித்த காகிதம் ஒன்று கிடந்தது: 'நூறு அடி. நொடிக்கு ஐந்து லிட்டர். 5 HP போதும்.' 'போதும்' என்பதன் அடியில் இரண்டு கோடுகள். இவ்வளவு உறுதியாக இருந்தவருக்கு என்ன ஆகியிருக்கும்? மற்றதெல்லாம் என் கற்பனை.

2

முதல் தொடக்கம்: லோயர் கேம்ப் தாண்டிப் பெரியாற்று நீர் துள்ளிக் குதித்து... (வேண்டாம். சுற்றுலாக் கையேடு போல இருக்கிறது.)

இரண்டாவது: 2003 ஐப்பசியில் மோட்டார் மெக்கானிக் முஜிபுர் ரஹ்மான், சுருளிப்பட்டி அன்னத்தாயின் கிணற்றில் கல் கட்டிய கயிற்றை இறக்கினார். தண்ணீர் முப்பது அடியில் இருந்தது. அங்கிருந்து மேட்டுத் திராட்சைத் தோட்டம் வரை, குழாயில் வீணாவதையும் சேர்த்து, நூறு அடி. கணக்கில் நாலு HP வந்தது. கடையில் கிடைப்பது ஐந்து.

அன்னத்தாயின் கொழுந்தன் கோட்டைச்சாமி சிரித்தான். "ஊரே பத்து HP போட்டிருக்கு. இவுக பேப்பர்ல மோட்டார் ஓட்டுறாக."

"பத்து போட்டா, வோல்டேஜ் கம்மியா வாரப்ப உறுமிக்கிட்டே நிக்கும், உள்ள சுத்துன காயில் கம்பி கருகிரும். காலு அளவு பாக்காம செருப்பு வாங்குவீகளா?"

அன்னத்தாய் முஜிபுர் பாயை நம்பினாள். அந்தத் திராட்சைதான் அவள் பிழைப்பு.

(அளந்து செய்கிற மனிதர்கள் எனக்குப் பிடிக்கும். அதனால் முஜிபுரைக் கொஞ்சம் அதிகமாகவே நம்பிவிட்டேனோ?)

3

மாசி மாதம். டீக்கடையில் யாரோ சொன்னார்: "இன்னும் இருபது நாள்ல வாய்க்கால அடைச்சிருவாக."

முஜிபுரின் கையில் கிளாஸ் அப்படியே நின்றது. வாய்க்கால் ஓடினால்தான் அந்தக் கிணறு ஊறும். அடைத்துவிட்டால் சித்திரையில் தண்ணீர் எண்பது அடிக்கு இறங்கும். நூறு அடி நூற்றைம்பதாகும். ஏழரை HP வேண்டும். இந்த ஐந்தை வைத்துக்கொண்டு, காய் பருக்கிற நேரத்தில்... (இதை முடிக்க எனக்குத் தைரியமில்லை.)

கயிற்றைப் பார்த்தவர் மாதத்தைப் பார்க்கவில்லை. நானும்தான் பார்க்கவில்லை. 'ஐப்பசி' என்று என் கையாலேயே எழுதிவிட்டு, கணக்கை ரசித்துக்கொண்டிருந்தேன். நீங்களும் தலையாட்டிக்கொண்டுதானே வந்தீர்கள்?

4

மறுநாள் காலை அன்னத்தாய் கடைக்கு வந்தாள். "கொத்துக் கொத்தா காய் பிடிச்சிருக்கு பாய். உங்க கணக்கு தப்புமா? அந்தா, கொழுந்தனே கயிறும் கையுமா நிக்கிறாக. அவுக கெணத்தையும் அளக்கணுமாம்."

முஜிபுர் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

முடிவு (அ): உண்மையைச் சொல்லிவிடுகிறார். இருபது நாளில் மோட்டாரை மாற்றிவிடலாம். கோட்டைச்சாமி ஊர் முழுக்கச் சொல்லிச் சிரிப்பான்.

முடிவு (ஆ): கோடை மழையை நம்பி வாயை மூடிக்கொள்கிறார்.

(ஆ) தடங்கலே இல்லாமல் எழுத வந்தது. பயந்து கிழித்துவிட்டேன். (அ)வில் "அக்கா..." என்பதற்கு மேல் அவர் பேச மறுக்கிறார்.

மிச்சத்தை நீங்கள் எழுதுங்கள். ஒன்றை மட்டும் மறைத்துவிட்டேன்: நான் பார்த்த காகிதத்தில் அடித்தல் திருத்தல் எதுவும் இல்லை; ஐந்து ஏழரை ஆகவில்லை. அதைக் கேட்காதது போல எழுதுங்கள்.