காட்டாமணக்கில் ஓடிய எஞ்சின்

புருஷன் போனில் கூப்பிட்டபோது அவள் தையல் கடையில் ஒரு சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஓடுதுடி! நம்ம எண்ணெயிலயே எஞ்சின் ஓடுது! நீ வந்து பாத்தே ஆகணும்!"

சரி என்று சொல்லிவிட்டு மீதிக் காலரையும் தைத்து முடித்தாள். சந்தோஷமும் இல்லை, எரிச்சலும் இல்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி இருந்தது மனசு. கிள்ளினாலும் தெரியாது.

தங்கை வீட்டுக்கு வந்து எட்டு மாதமாகிறது. கோபித்துக்கொண்டு வந்துவிட்டாள் என்று தெருவே பேசியது. கோபமாக இருந்திருந்தால் எப்போதோ தணிந்து திரும்பிப் போயிருப்பாளே! கடைக்கார அம்மா, துணி வெட்டும் மேசையை அவள் பொறுப்பிலேயே விடுவதாகச் சொல்லியிருந்தார். "இங்கயே இருப்பியான்னு மட்டும் உறுதியா சொல்லிடு" என்றும் சொல்லியிருந்தார். இருப்பதென்று அவளும் முடிவு பண்ணிவிட்டாள். அதைப் புருஷனிடம் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டியதுதான் பாக்கி. அதற்காகத்தான் பஸ் ஏறினாள்.

எல்லாம் அந்தக் காட்டாமணக்கால் வந்த வினை. வேலியோரத்தில் தானாக முளைக்கிற செடி. ஆடுகூட வாய் வைக்காது. அதன் கொட்டையில் டீசலுக்குப் பதிலாக எரிகிற எண்ணெய் இருக்கிறது என்று ஒரு கம்பெனி ஆள் வந்து ஆசை காட்டினான். "கல்லுலயும் வளரும், தண்ணியே கேக்காது" என்றான். அவன் சொன்னது அத்தனையும் சத்தியம். தண்ணீரில்லாமல் வளரும் என்றானே தவிர, தண்ணீரில்லாமல் காய்க்கும் என்று எங்கே சொன்னான்? நிலம் முழுக்க நட்டார்கள். செடி ஜம்மென்று நின்றது. காய் மட்டும் அங்கொன்றும் இங்கொன்றுமாக எட்டிப் பார்த்தது. கம்பெனி ஆள் கம்பி நீட்டினான். அக்கம்பக்கத்தார் செடியை வேரோடு பிடுங்கிப் போட்டுவிட்டுப் பிழைப்பைப் பார்க்கப் போனார்கள். இவர் மட்டும் ஒற்றைக்காலில் நின்றார்.

நுனியை வெட்டினால் கிளை பெருகும், கிளை பெருகினால் காய் பெருகும் என்று அவள் கையிலும் ஒரு கத்தரியைக் கொடுத்தார். வெட்டினாள். செடியின் பால் பட்ட துணியில் விழும் பழுப்புக் கறை எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. கறை படியாத உடுப்பு என்று அவளிடம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அதையெல்லாம் அவள் பெரிதுபண்ணவில்லை.

அவளுடைய அம்மா செத்துப்போன செய்தி வந்த அன்று, ஓடிப்போய் அவரிடம் சொன்னாள். அவர் காய் உடைத்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமலே, "ம்... ம்... இதப் பாரேன், ஒரே காய்ல மூணுக்குப் பதிலா நாலு கொட்டை!" என்றார். மனுஷன் கெட்டவரில்லை. குடி கிடையாது, கை நீட்டினது கிடையாது. காதைத்தான் செடிக்குக் கொடுத்துவிட்டார். அந்த இடத்திலேயே அவளுக்குள் ஏதோ மரத்துப்போயிற்று. அம்மாவுக்காக அழக்கூட வரவில்லை.

பம்ப்செட் கொட்டகையை நெருங்கும்போதே எஞ்சின் சத்தம் கேட்டது. அவர் இளைத்திருந்தார். சட்டையில் பொத்தான் இல்லை. அவளைக் கண்டதும் தலைகால் புரியாமல் அங்கும் இங்கும் ஓடினார். கொட்டையை நசுக்கும் திருகு, எண்ணெய் வடிகட்டும் துணி, தெளிய வைத்த கேன் எல்லாவற்றையும் காட்டினார். வெளியே குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அவர் சொன்னது நடந்துவிட்டது, அதை யாரும் மறுக்க முடியாது.

"டீசல்ல கிளப்பணும்!" என்று அவள் காதருகே கத்தினார். "சூடேறுனதும் இந்த வால்வைத் திருப்பி நம்ம எண்ணெய்க்கு மாத்தணும்! நிறுத்துறதுக்கு முன்னாடி மறுபடி டீசலுக்கு வந்துடணும். மறந்துட்டா எண்ணெய் உள்ளயே கெட்டியாகி அடைச்சுக்கும். போன தடவ அப்படித்தான் ஆச்சு. மாசக்கணக்கா கழட்டிப் போட்டு உக்காந்திருந்தேன்!"

அவள் தலையாட்டினாள். சொல்ல வந்ததைச் சொல்ல இதைவிட நல்ல நேரம் வராது என்று தோன்றியது. சாதாரணக் குரலில், "நான் திரும்பி வரப்போறதில்லைங்க" என்றாள்.

அவருக்குக் கேட்கவில்லை. சிரித்தபடியே தலையாட்டினார்.

அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. சொல்லியாயிற்று. கேட்காதது அவர் பாடு. எத்தனையோ தடவை சொல்லியும் கேட்காதவர், இதையும் கேட்காமல் போகட்டும். பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பையைப் பார்த்தார். மறுபடி முகத்தைப் பார்த்தார். சட்டென்று கையை நீட்டி எஞ்சினை நிறுத்தினார்.

கொட்டகை கப்சிப் என்றாகிவிட்டது. குழாயில் தண்ணீர் மெலிந்து நின்றது.

"ஐயோ, டீசலுக்கு மாத்தலியே!" என்று அவளே பதறினாள்.

"அது கெடக்கட்டும். நீ என்னமோ சொன்னியே. எனக்குக் கேக்கல. சொல்லு."

இத்தனை நாள் அவளுக்குள் எங்கேயோ ஒளிந்திருந்த கோபம் வெளியே வந்தது.

"இப்பவா நிறுத்துவீங்க?" என்றாள். "எங்கம்மா செத்த அன்னிக்கு அந்தக் காயக் கீழ வச்சிருக்கக் கூடாதா? ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம் என் மூஞ்சியப் பாத்திருக்கக் கூடாதா?"

அழுகை வந்தது. அம்மாவுக்காக வர வேண்டிய அழுகை. அவர் பக்கத்தில் வரவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. எண்ணெய்க் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு, அவள் அழுது முடிக்கிறவரை அப்படியே நின்றார். இந்த மனுஷனுக்கு நிற்கவும் தெரியும் என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அவர்மேல் அவளுக்கு ஆசையாக இருந்தது, அதை என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை.

"சொல்லு" என்றார் மறுபடியும்.

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "திரும்பி வரப்போறதில்லைன்னு சொன்னேன்."

"கேட்டுச்சு" என்றார் அவர்.