பி பக்கத்தில் மிச்சம்

காலை ஐந்தரைக்குக் கிருஷ்ணபிரசாத் எழுவான். வாசலில் கிடக்கும் பால் பாக்கெட்டை எடுத்துக் காய்ச்சுவான். ஒரு டம்ளர் காபி போட்டு நின்றபடியே குடிப்பான். பிறகு கூடத்து அலமாரியின் இரண்டாவது தட்டைத் திறந்து, செத்துப்போன மனைவி ஏதாவது எழுதியிருக்கிறாளா என்று பார்ப்பான். எழுதியிருந்தால் படிப்பான். இல்லையென்றால் கதவைச் சாத்திவிட்டுக் குளிக்கப் போவான். ஆறு நாற்பதுக்கு ஆபீஸ் பஸ். 1999லிருந்து 2006 வரை இதில் மாற்றம் கிடையாது. 2001ல் பஸ் ஐந்து நிமிடம் முன்னதாக வர ஆரம்பித்தது, அவ்வளவுதான்.

அவனுக்கு அணு ஆராய்ச்சி மையத்தில் காற்றோட்டப் பிரிவில் வேலை. வீடு, சதுரங்கப்பட்டினத்துக்குத் தெற்கே ஊழியர் குடியிருப்பில் முதல் மாடி. மனைவி கோதை, திருவிடந்தைக் கோயில் மடப்பள்ளியில் தளிகை செய்யும் சாரங்கபாணியின் ஒரே பெண். காலேஜ் ஹாஸ்டலில் அவளுடைய அறைத்தோழி ஜெஸ்ஸி. ஜெஸ்ஸியின் அண்ணனுக்குக் கப்பலில் உத்தியோகம். அவன் ஏதோ ஒரு துறைமுகத்திலிருந்து வாங்கிவந்த கேசட் ஒன்று கை மாறி கோதையிடம் வந்து சேர்ந்தது. உல்ஃப் ஹார்பர் என்ற நார்வே நாட்டு மெட்டல் பேண்டின் முதல் ஆல்பம் அது. புளியோதரை வாசத்தில் வளர்ந்த பெண்ணுக்கு அந்த இரைச்சலில் என்ன கிடைத்தது என்று சாரங்கபாணி கேட்கவில்லை. சாமிக்கு முன்னால் மேளம் அடிக்கும்போது காதைப் பொத்திக்கொள்ளாத குழந்தை அவள் ஒருத்திதான் என்று மட்டும் சொல்வார்.

கேசட்டோடு வரும் அட்டையில் பாட்டுகளின் பெயரை எழுதக் கோடு போட்டிருப்பார்கள். கோதை அங்கே பெயர் எழுத மாட்டாள், அபிப்பிராயம் எழுதுவாள். முதல் ஆல்பத்துக்கு, 'கோபம் இருக்கிறது, காரணம் இல்லை.' இரண்டாவதற்கு, 'காரணம் கிடைத்துவிட்டது. டிரம்ஸ்காரரிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை.' 1993ல் வந்த மூன்றாவதற்கு, 'இதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை' என்று ஆரம்பித்து அட்டையின் இரண்டு பக்கமும் பொடி எழுத்தில் நிரப்பினாள். அதில் பாதிக்கு மேல் பாடகன் ஹால்வரின் தொண்டையைப் பற்றியது. எந்த வரியில் கரகரப்பு, எந்த வரியில் எச்சில் விழுங்குகிறான், எங்கே மூச்சு வாங்குகிறான் என்று மருத்துவர் எழுதுவதைப் போல எழுதியிருந்தாள்.

கல்யாணமாகிப் பத்து நாளில் கிருஷ்ணபிரசாத் இதைப் படித்தான். அன்று அவன் முதன்முறையாகச் செய்த வெண்பொங்கலைப் பற்றி அவள் சொன்னது ஒரே வார்த்தை. "நன்னாருக்கு." புதுச் சட்டைக்கும் அதே வார்த்தை. பதவி உயர்வுக்கும் அதே வார்த்தை. இவன் ஒருநாள் மீசையை எடுத்துவிட்டு வந்து நின்றான். நிமிர்ந்து பார்த்து, "நன்னாருக்கு" என்றாள். முகம் தெரியாத தாடிக்காரனுக்கு ஒரு அட்டை முழுக்க, தாலி கட்டியவனுக்கு ஒரே சொல். இதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லக்கூடிய விஷயமாக அது இல்லை.

இன்னொன்றும் அவனை அரித்தது. திருவிடந்தையில் கல்யாணம் ஆகாதவர்கள் பெருமாளுக்குச் சாத்திய மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு பிராகாரத்தை ஒன்பது முறை சுற்ற வேண்டும். மாலையை வீட்டில் வைத்திருந்து, கல்யாணம் ஆனதும் தம்பதியாக வந்து, காய்ந்த மாலையைக் கோயிலுக்குப் பின்னால் இருக்கும் மரத்தில் சேர்க்க வேண்டும். 1994ல் கோதை சுற்றியபோது காதில் வாக்மேன். மூன்றாவது ஆல்பத்தில் ஒன்பது பாட்டு. அவள் சுற்றை எண்ணவில்லை, பாட்டை எண்ணினாள். ஒன்பதாவது பாட்டு முடிந்தபோது இருபத்தாறு சுற்று ஆகியிருந்தது. சாரங்கபாணி தலையில் அடித்துக்கொண்டார். மூன்று வாரத்தில் கிருஷ்ணபிரசாத்தின் ஜாதகம் வந்தது. ஆனால் அந்தச் சுற்று யாரை வேண்டிச் சுற்றியது, யாருடைய குரலுக்குச் சுற்றியது என்பது அவனுக்குக் கடைசிவரை தெளிவாகவில்லை.

மாலையைத் திருப்பிக் கொடுக்கவும் அவள் விடவில்லை. "அடுத்த ஆல்பம் வரட்டும். அதைக் கேட்டுண்டே சுத்திக் குடுத்துடலாம்" என்றாள். 1996ல் அடுத்தது வந்தது. ஹால்வர் முடி வெட்டிக்கொண்டிருந்தான். கீபோர்டு சேர்ந்திருந்தது. கோதை இரண்டு நாள் சாப்பிடவில்லை. 'முடி வெட்டியது தப்பில்லை. கூடவே மற்றதையும் வெட்டிவிட்டார்கள்' என்று எழுதினாள். கிருஷ்ணபிரசாத்துக்கு அந்த இரண்டு நாளும் பண்டிகை மாதிரி இருந்தது. மையத்தில் கூட வேலை பார்ப்பவர்களுக்கு ஜிலேபி வாங்கிக் கொடுத்தான். காரணம் கேட்டதற்கு ஒன்றும் இல்லை என்றான்.

"இதைக் கேட்டுண்டு சுத்தினா ஆகாது" என்றாள் கோதை. "அடுத்தது வரட்டும்."

அடுத்தது வருவதற்குள் 1998 ஆடியில் ஐந்து நாள் காய்ச்சல் வந்து கோதை இறந்துபோனாள். அவளுக்கு இருபத்தேழு, அவனுக்கு முப்பது. மாலை சமையலறை ஆணியில் சருகாகத் தொங்கியது. கடைசியாக என்ன சொன்னாள் என்று சாரங்கபாணி கேட்டார். "பெருமாள் பேரைச் சொன்னா" என்றான். அது பொய்.

செங்கல்பட்டு பஸ் நிலையத்துக்கு எதிரே திருநாவுக்கரசு ரிகார்டிங் சென்டர் வைத்திருந்தார். வெற்று கேசட்டையும் பாட்டுப் பட்டியலையும் கொடுத்தால் பதிந்து தருவார். உல்ஃப் ஹார்பர் எப்போது வந்தாலும் தனக்கு ஒன்று பதிந்து எடுத்துவைக்க வேண்டும் என்று கோதை அவரிடம் சொல்லிவைத்திருந்தாள். 1999ல் ஐந்தாவது ஆல்பம் வந்ததும் அவர் பதிந்துவைத்துக்கொண்டு மூன்று மாதம் காத்திருந்தார். அந்த வழியாகப் போன கிருஷ்ணபிரசாத்தைக் கூப்பிட்டார்.

"இன்னா சார், மேடம் மறந்துட்டாங்களா? கேசட்டு தூசி படிஞ்சிகினு கீது."

"இனிமே வரமாட்டாங்க."

திருநாவுக்கரசு கேசட்டின் தூசியைச் சட்டையில் துடைத்தார். பிறகு கேசட்டை நீட்டினார். "பி சைடுல ரெண்டு நிமிஷம் மிச்சம் இருந்திச்சு. நாதஸ்வரம் போட்டு ரொப்பிட்டேன். டேப்பு சும்மா ஓடுனா எனுக்குத் தூக்கம் வராது சார்." இது அவருடைய வழக்கம். எந்தக் கேசட்டிலும் அவர் காலி இடம் விட்டதில்லை.

கேசட்டை அவன் இரண்டாவது தட்டில் வைத்தான். மறுநாள் காலை அட்டை நிரம்பியிருந்தது. கோதையின் எழுத்து, அதே நீல பால்பாயின்ட். 'கீபோர்டைத் தூக்கிவிட்டார்கள், நல்லது. ஹால்வருக்கு வயதாகிறது, அது தொண்டைக்கு நன்றாக இருக்கிறது. நான்காவது பாட்டு வேண்டாம். கடைசியில் நாதஸ்வரம்: சுருதி சரி, இடம் தப்பு.' கிருஷ்ணபிரசாத் காபி டம்ளரைக் கழுவிவைத்துவிட்டு ஆபீஸ் பஸ்ஸுக்குப் போனான். பகுப்பாய்வுப் பிரிவிலிருந்த நண்பர் மையைச் சோதித்துச் சாதாரண மைதான் என்றார். சாரங்கபாணி படித்துவிட்டு, நான்காவது பாட்டு வேண்டாம் என்று சொன்னால் வேண்டாம்தான், பண்டத்தில் உப்பு குறைந்தால் வாசனையிலேயே சொல்லிவிடுவாள் என்றார்.

அன்று மாலை கிருஷ்ணபிரசாத் ஒரு வெற்று அட்டையில், 'எப்படி இருக்கிறாய்?' என்று எழுதி அதே தட்டில் வைத்தான். பதில் இல்லை. அடுத்த வாரம், 'என் ஞாபகம் இருக்கிறதா?' என்று எழுதினான். அதற்கும் இல்லை. கடைசியில், 'காஸ் புத்தகத்தை எங்கே வைத்தாய்?' என்று எழுதினான். அந்த அட்டை இரண்டு வருடம் அங்கேயே கிடந்து பழுப்பேறியது.

விஷயம் பரவியது. செய்யூரிலிருந்து இன்ஜினியரிங் படிக்கும் பாலா என்பவன் பைக்கில் வந்தான். கறுப்புச் சட்டை, தோள்வரை முடி. செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்து எல்லா அட்டைகளையும் தரையில் உட்கார்ந்து படித்தான். பிறகு மாதம் ஒருமுறை வர ஆரம்பித்தான். 2002ல் ஆறாவது ஆல்பம் வந்தது. 'சோம்பல்' என்று ஒரே சொல் எழுதியிருந்தாள் கோதை. கிருஷ்ணபிரசாத்துக்குச் சந்தோஷம். பாலாவுக்குப் பொறுக்கவில்லை.

"இன்னா அண்ணாத்த, அண்ணி இப்டி சொல்லிட்டாங்க. அது சோம்பல் இல்ல, டூம்னு மெட்டல்ல ஒரு வகை. மெதுவாத்தான் வரும்."

"அவகிட்ட சொல்லு."

சொன்னான். ஒரு முழு அட்டை மறுப்பு எழுதித் தட்டில் வைத்துவிட்டுப் போனான். மறுநாள் காலை அதன் கீழே நீல எழுத்து. 'பாலா சொல்வதைக் கேட்டு இன்னொரு முறை கேட்டேன். ஏழாவது பாட்டு வரை ஒப்புக்கொள்கிறேன்.'

கிருஷ்ணபிரசாத் அன்று ஆபீஸ் போகவில்லை. உடம்பு சரியில்லை என்று தகவல் கொடுத்துவிட்டுக் கடற்கரையில் உட்கார்ந்திருந்தான். நார்வேக்காரன் மேல் இருந்தது பழகிப்போயிருந்தது. இது புதிது. செய்யூர்ப் பையனுக்கு மறுநாளே பதில், அதுவும் பெயர் சொல்லி. அடுத்தமுறை பாலா வந்தபோது கதவைத் திறக்க வெகுநேரம் எடுத்துக்கொண்டான். காபி தரவில்லை.

"கோவமா அண்ணாத்த?"

"இல்ல."

"கோவந்தான். வூட்டுக்குள்ள விசிறி ஓடுது, உங்க மூஞ்சில வேக்குது."

2005ல் பாலாதான் அந்தச் செய்தியைக் கொண்டுவந்தான். ஹால்வருக்குத் தொண்டையில் கோளாறு. இன்னும் ஒரு ஆல்பம், அதோடு பேண்டு கலைகிறது. கிருஷ்ணபிரசாத் பதினோரு வருடமாகக் காத்திருந்த செய்தி அது. ஜிலேபி வாங்கக் கிளம்பினான். பாதி வழியில் நின்றான். ஆல்பம் இல்லையென்றால் கேசட் இல்லை, கேசட் இல்லையென்றால் அட்டை இல்லை. திரும்பி நாட்டு மருந்துக் கடைக்குப் போய் அதிமதுரமும் சித்தரத்தையும் அரை அரைக் கிலோ வாங்கி, பேண்டின் விலாசத்துக்குப் பார்சல் கட்டினான். தபால் நிலையத்தில் மார்கரெட் அம்மாள் உள்ளே என்ன என்று கேட்டார்.

"மருந்து."

"யாருக்கு உடம்பு சரியில்ல?"

"எனக்குப் பிடிக்காத ஒருத்தருக்கு."

மார்கரெட் அம்மாள் படிவத்தில் மருந்து என்று மட்டும் எழுதி முத்திரை குத்தினார்.

2006 மாசியில் கடைசி ஆல்பம் வந்தது. திருநாவுக்கரசு அதற்குள் மொபைல் ரீசார்ஜுக்கு மாறியிருந்தார். இதற்காக மட்டும் பழைய டெக்கைத் துடைத்து எடுத்தார். "பி சைடுல ரெண்டு நிமிஷம் கீது. இன்னா போடட்டும்?" என்றார்.

"விட்டுடுங்க."

"காலியாவா?" அவருக்கு முகம் சுண்டிப்போனது. "உங்க இஷ்டம். ஆனா அந்தம்மா ரொப்பி வச்சதுக்கெல்லாம் கருத்து சொல்லுவாங்கோ. எங்கிட்டயே வந்து சொல்லுவாங்கோ, நாதஸ்வரம் நல்லால்ல, வேற போடுன்னு. டேப்புல இருக்கறதத்தான் அவங்க கேப்பாங்க சார்."

பஸ்ஸில் திருக்கழுக்குன்றம் தாண்டும்போது கிருஷ்ணபிரசாத்துக்கு அது புரிந்தது. அவள் அட்டையில் எழுதியதெல்லாம் டேப்பில் இருந்ததைப் பற்றித்தான். பாலா எழுதியதும் டேப்பைப் பற்றி. தான் டேப்பில் ஒருநாளும் இருந்ததில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் டேப் ரிகார்டரை மடியருகே வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தான். பி பக்கத்தின் கடைசிப் பாட்டு முடியும் வரை கேட்டான். ப்ளே, ரிகார்டு இரண்டு பொத்தானையும் சேர்த்து அழுத்தினான். சொல்ல வேண்டியதை வரிசைப்படுத்தி வைத்திருந்தான். வாயைத் திறந்தபோது எதுவும் வரவில்லை. விசிறி ஓடியது. தயிர்சாதம் சாப்பிட்ட மத்தியானம். அப்படியே தூங்கிவிட்டான். பொத்தான் டக்கென்று எழும்பிய சத்தத்தில்தான் விழித்தான். டேப் தீர்ந்திருந்தது. அழித்துவிட்டு மறுபடி பதியலாமா என்று யோசித்தான். என்ன சொல்வது என்று அப்போதும் தெரியவில்லை. தட்டில் வைத்தான்.

திங்கட்கிழமை ஐந்தரைக்கு எழுந்தான். பால் காய்ச்சினான். காபி குடித்தான். தட்டைத் திறந்தான். 'இதுதான் சரியான முடிவு. மூன்றாவதற்குப் பிறகு இதுதான். தொண்டை தெளிந்திருக்கிறது, யாரோ நல்லதாக ஏதோ கொடுத்திருக்கிறார்கள். இதைக் கேட்டுக்கொண்டு சுற்றலாம். கடைசி இரண்டு நிமிடம்: ஆளைத் தெரியும். மூச்சு நன்றாக இருக்கிறது. நீளம் போதாது.'

அன்று ஆபீஸ் பஸ் அவனை விட்டுவிட்டுப் போனது. ஆணியிலிருந்த மாலையைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு திருவிடந்தை போனான். வாக்மேனைக் காதில் மாட்டிக்கொண்டு சுற்ற ஆரம்பித்தான். பாட்டை எண்ணினான், சுற்றை எண்ணவில்லை. பக்கத்தில் இன்னொரு ஜோடிக் கால் நடக்கும் சத்தத்தைப் பிராகாரத்திலிருந்த எல்லோரும் கேட்டார்கள். வழிவிட்டு ஒதுங்கினார்கள். கடைசி இரண்டு நிமிடம் தன் தூக்கத்தைத் தானே கேட்டபடி ஒரு சுற்று வந்து, மாலையை மரத்தில் போட்டான். அதற்குப் பிறகு அட்டையில் எழுத்து வரவில்லை. பாலா வந்தால் காபி கிடைத்தது.

அன்று அவன் சுற்றியபோது சாரங்கபாணி மடப்பள்ளி வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். வாழையிலையில் சர்க்கரைப் பொங்கல் வைத்துக் கொடுத்தார்.

"மாப்பிள்ளை, ஒண்ணு கேக்கட்டுமா? அவ பெருமாள் பேரைச் சொல்லியிருக்க மாட்டா. நேக்கு என் பொண்ணைத் தெரியும். நெஜமா என்ன சொன்னா?"

கிருஷ்ணபிரசாத் பொங்கலைச் சாப்பிட்டு முடித்தான். எட்டு வருடமாக அதை அவன் ஒரு அவமானமாகவே பூட்டிவைத்திருந்தான். தூக்கத்தில்கூடத் தான் இன்னொருவனுக்கு நகலாக இருந்திருக்கிறோம் என்பதை மாமனாரிடம் எப்படிச் சொல்வது. இப்போது சொன்னான். ஐந்தாம் நாள் காலை, மூன்றாவது ஆல்பம் ஓடிக்கொண்டிருந்தது. அவள் தன் காதிலிருந்த இயர்ஃபோன் ஒன்றைப் பிடுங்கி இவன் காதில் வைத்தாள். வைத்துவிட்டுச் சொன்னாள்:

"இந்த எடத்துல மூச்சு விடறான், கேளுங்கோ. நீங்க தூங்கறச்சே விடற மாதிரியே இருக்கோல்லியோ, அதுக்குத்தான் இதைத் திரும்பத் திரும்பப் போடறேன்."