நாலு மணிக்குள் இரண்டு நகல்

தீபாவளி நெருக்கத்தில் திருப்பூரில் சாகக் கூடாது. பிணத்தை வெளியே எடுக்கக்கூட ஆளிருக்காது.

தௌபிக் நேற்று மாலை அவிநாசிபாளையம் பக்கம் லாரியில் அடிபட்டுச் செத்தான். பிரேதப் பரிசோதனை முடிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கடைசியாகக் கேட்டது இரண்டு ஆதார் நகல்: செத்தவனுடையது ஒன்று, உடலை வாங்கப்போகும் அண்ணன் இலியாஸுடையது ஒன்று. நாலு மணிக்குள் கொடுக்க வேண்டும். தவறினால், நாளை தீபாவளி, நாளை மறுநாள்தான். கபர்ஸ்தானில் குழி காலையிலேயே வெட்டியாயிற்று.

நல்லூர் முழுக்கச் சுற்றிவிட்டு இலியாஸ் மூன்று மணிக்கு வீடு திரும்பினான். எல்லா ஜெராக்ஸ் கடையும் பூட்டு. போனஸ் வாங்கிய ஜனம் ஊருக்குப் போய்விட்டது. மிச்சம், குழந்தை பனியனுக்கு சைஸ் ஸ்டிக்கர் அடிக்க அவன் மனைவி தஹ்சீன் வைத்திருக்கும் பிரிண்டர்தான்.

முதல் தாள் பாதி உள்ளே போய் நின்றது. சிவப்பு விளக்கு மினுக்கியது.

காரணம் தஹ்சீனுக்குத் தெரியும். பாதி உரித்த ஸ்டிக்கர் தாளை மறுபடி பிரிண்டரில் விடாதே என்று அவன் பலமுறை சொல்லியிருக்கிறான். நேற்று மத்தியானம் நாலு ஸ்டிக்கருக்காகப் புதுத் தாளைக் கெடுப்பானேன் என்று விட்டாள். தாள் வெளியே வந்தபோது ஸ்டிக்கர் ஒன்று குறைந்தது. அது உள்ளேதான் ஒட்டிக்கிடக்கும். இதை இப்போது சொன்னால்? தம்பியைப் பறிகொடுத்தவன் எந்த நேரம் கை நீட்டுவான் என்று சொல்ல முடியாது.

இலியாஸ் தையல் மிஷின் மெக்கானிக். தாளைப் பிடித்து இழுத்தான், கிழிந்தது. எண்ணெய்க் கேனை எடுத்து வந்தான்.

"ஏனுங்க, பிரிண்டருக்கெல்லாம் எண்ணெய் விடுவாங்களா?"

"எந்த மிஷினுடி எண்ணெயில்லாம ஓடுது? ஸ்டிக்கர் அடிக்கறவ எனக்குப் பாடம் எடுக்கறியா?"

ரப்பர் உருளைகளில் தாராளமாக விட்டான். உருளை சுற்றியது. தாள் நகரவில்லை.

மூன்றரைக்கு அவள் சொல்லிவிட்டாள். "உள்ள ஸ்டிக்கர் சிக்கியிருக்குதுங்க. நாந்தான் நேத்து அந்தத் தாள விட்டேன்."

அவன் அடிக்கவில்லை. "மொதல்லயே சொல்றதுக்கென்ன?"

"பயமா இருந்துச்சுங்க."

நூல் கோர்க்கும் இடுக்கியால் ஒரு நிமிடத்தில் ஸ்டிக்கர் வந்துவிட்டது. இப்போது அடைப்பில்லை. ஆனால் எண்ணெய் குடித்த ரப்பர் தாளைப் பிடிக்க மறுத்தது. வேஸ்ட் துணியால் துடைத்தார்கள். துணியின் பஞ்சு எண்ணெயில் அப்பிக்கொண்டது. சோப்புத் தண்ணீரில் துடைத்தார்கள். மூன்று ஐம்பதுக்குக் கோணலாக ஒரு தாள் வந்தது. தௌபிக்கின் முகத்தில் எண்ணெய்க் கறை. அடுத்தது சுருண்டு சிக்கியது.

இலியாஸ் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டான்.

"ஒண்ணுதாங்க வந்திருக்குது. என்னோடத போன்ல காட்டறனுங்க."

"பேப்பர்ல வேணுங்க. டாக்டர் கெளம்பறாரு. நீங்க வந்து சேர இருபது நிமிசமாகுமே? நாளான்னிக்கு வாங்க."

போனைத் தரையில் வைத்தான். குழி வெட்டும் சனாவுல்லாவை தஹ்சீன்தான் ஸ்பீக்கர் போட்டுக் கூப்பிட்டாள்.

"பாய், இன்னைக்கு அடக்கம் இல்லீங்க."

"என்னம்மா சொல்றீங்க? ரெண்டு நாளு வெறுங்குழியா கெடக்கறதா? மானம் வேற இருட்டிட்டு வருது. தண்ணி நின்னா பக்கமெல்லாம் சரிஞ்சுரும். மேல போட்டு மூடறதுக்காச்சும் ஏதாவது குடுத்துடுங்க."

இலியாஸ் எழுந்தான். மூலையில் நின்ற துணி ரோலிலிருந்து பாலித்தீன் உறையை உருவினான். குழிக்கு அகலம் போதுமா என்று கையால் அளந்தான். போதவில்லை. இன்னொரு ரோலையும் உரித்து, இரண்டையும் சுருட்டி வண்டியில் வைத்துக்கொண்டு கபர்ஸ்தானுக்குக் கிளம்பினான்.