புத்தக வாரத்தில் இறங்கிய கட்டடம்

வெஸ்ட் ஆல்டரில் எங்கள் யூத சமூக மன்றக் கட்டடம், புத்தக வாரம் நடக்கும் ஒவ்வொரு நவம்பரிலும் ஒரு படி அளவுக்கு மண்ணுக்குள் இறங்கியது. முதல் வருடம் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வாசலில் கீழ்ப்படியைக் காணோம் என்று காவலாளி ஸ்டெஃபான் சொன்னபோது, பனி மூடியிருக்கும் என்றார்கள். பனி உருகியது, படி வரவில்லை. அடுத்த வருடம் அதற்கு மேல்படியும் போனது. முழங்கால் வலிக்காரர்கள் நிறைந்த சமூகம் என்பதால் இதில் ஒரு வசதி இருப்பதாகவே பேசிக்கொண்டோம். மூன்றாம் வருடம் பிட்ஸ்பர்க்கிலிருந்து ஒரு பொறியாளரை வரவழைத்தோம். அவர் தரையைத் துளைத்துப் பார்த்து, அடியில் இருப்பது முழுப் பாறை, கட்டடம் இறங்க வாய்ப்பே இல்லை என்று உறுதியாகச் சொன்னார். சொல்லிவிட்டு வெளியே கால் வைத்தவர், ஏறி வந்த படி அதற்குள் போய்விட்டதால் தடுமாறி விழுந்தார். எழுப்பி உட்காரவைத்துக் காப்பி கொடுத்து அனுப்பினோம்.

காரணம் எங்களுக்குத் தெரியாமல் இல்லை. கிழிந்துபோன ஜெபப் புத்தகத்தை நாங்கள் குப்பையில் போடுவதில்லை. ஆண்டவர் பெயர் அச்சான எதையும் மனிதரைப் புதைப்பதுபோல் கல்லறைத் தோட்டத்தில் புதைக்க வேண்டும். அதுவரை சிக்கல் இல்லை. ஆனால் ஒரு பாட்டுப் புத்தகத்தில் ஒரே ஒரு வரியில் அந்தப் பெயர் இருந்தால்? பஸ்கா விருந்துக்கான சமையல் புத்தகத்தின் ஓரத்தில் ஆசீர்வாதம் அச்சாகியிருந்தால்? இப்படிக் கேட்டுக் கேட்டுக் கடைசியில் எது புனிதம், எது இல்லை என்று முடிவு சொல்ல யாருக்கும் துணிச்சல் இல்லாமல் போய், எந்தப் புத்தகத்தையுமே போடுவதில்லை என்றாகிவிட்டது. நவம்பரில் மண் உறைந்துவிடும், தோண்ட முடியாது. வசந்தத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று பெட்டிகளை மன்றத்தின் நிலவறையில் இறக்கினோம். வசந்தத்தில் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. ஊருக்குச் சோறு போட்ட இரும்பாலை மூடியதும் குடும்பங்கள் ஒவ்வொன்றாகக் கிளீவ்லாந்துக்கும் ஃபுளோரிடாவுக்கும் போயின. போகிறவர்கள் சோபாவையும் பியானோவையும் கொண்டுபோனார்கள், புத்தகங்களை எங்களிடம் விட்டுப் போனார்கள். அவை புத்தக வாரத்து மேசைகளில் ஒரு வாரம் கிடக்கும், விற்காமல் நிலவறைக்குப் போகும். நாங்கள் குறையக் குறையக் கட்டடம் கனத்துக்கொண்டே போனது.

புத்தக வாரத்தை நடத்தியது மில்லி கோரெலிக். செருப்புக்கடை இஸி கோரெலிக்கின் மனைவி, பிறகு விதவை. பெரிய நகரங்களிலிருந்து எழுத்தாளர்களை வரவழைப்பதும், சுவரில் ஓவியங்களை மாட்டுவதும், வயலின்காரருக்கு எந்த நாற்காலி என்று முடிவு செய்வதும் அவள்தான். அவள் சொன்னால் மறுபேச்சு கிடையாது. அவளுடைய ஒரே மகள் ஆர்லீன் சிகாகோவில் எழுத்தாளராக இருந்தாள். நாட்டில் உள்ள எழுத்தாளர் எல்லாம் எங்கள் மேடையில் ஏறி இருமிவிட்டுப் போனார்கள், ஆர்லீன் மட்டும் வரவில்லை. இஸி இறந்ததிலிருந்து அவள் ஊர்ப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை.

இஸி இறந்தது ஒரு வியாழன் மாலை. எங்களில் அடக்கத்தைத் தள்ளிப்போடுவதில்லை, அதே சமயம் வெள்ளி மாலை தொடங்குகிற ஓய்வுநாளில் அடக்கம் செய்யவும் கூடாது. பனிப்புயலில் சிகாகோ விமானங்கள் நின்றுபோயிருந்தன. மகள் வருவதற்காக ஞாயிறுவரை வைத்திருக்கலாம், தப்பில்லை என்று எங்கள் மதகுருவான ரபி தெளிவாகவே சொன்னார். மில்லி கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் அடக்கம் முடிந்தது. சனிக்கிழமை வந்து இறங்கிய ஆர்லீன், கல்லறைத் தோட்டத்தில் மூடிய மண்ணைத்தான் பார்த்தாள். "ரெண்டு நாள் காத்திருக்க முடியலையாம்மா உன்னால?" என்று எல்லார் முன்னாலும் கேட்டாள். "முடியல," என்றாள் மில்லி. அவ்வளவுதான் பேச்சு. ஏன் முடியவில்லை என்று மகள் கேட்கவில்லை, தாய் சொல்லவும் இல்லை. பத்து வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது.

பிறகு ஆர்லீனின் நாவல் வந்தது. தலைப்பிலேயே வெள்ளிக்கிழமை இருந்தது. ஒரு மாலையில் படித்து முடித்துவிடக்கூடிய சின்னப் புத்தகம். எங்கள் ஊர்க் கடைக்குப் பிரதிகள் வந்த அன்று காலையில் மில்லி கைப்பையோடு போய் அத்தனையையும் வாங்கிவிட்டாள். அடக்கத்தில் நாங்கள் எல்லோரும் நின்றிருந்தோம், நடந்தது எங்களுக்குத் தெரியாதா என்ன? ஆனாலும் ஊருக்குத் தெரிந்திருப்பது வேறு, சொந்த மகள் கையால் அச்சில் வருவது வேறு. கடைக்காரர் மறுபடி வரவழைத்தார். மறுபடி வாங்கினாள். பக்கத்து ஊர்க் கடைக்கும் பேருந்தில் போய் வாங்கினாள். வேறு ஒருத்தியாக இருந்தால் அடுப்பில் போட்டிருப்பாள். மில்லிக்குப் புத்தகத்தை எரிக்கவும் கை வராது, எறியவும் கை வராது. எல்லாவற்றையும் காதும் காதும் வைத்தாற்போல் மன்றத்து நிலவறையில் அடுக்கினாள். ஒன்றைக்கூட அவள் திறந்து பார்க்கவில்லை. அந்த வருடம் கட்டடம் இரண்டு படி இறங்கியது.

நாட்டிலேயே உங்கள் புத்தகத்தை அதிகம் வாங்குகிற ஊர் வெஸ்ட் ஆல்டர்தான் என்று பதிப்பகத்தார் ஆர்லீனுக்குச் சொன்னார்கள். அவளால் நம்பவே முடியவில்லை. அத்தனை வருடத்துக்குப் பிறகு அம்மாவுக்குத் தொலைபேசினாள். அதைப் பிற்பாடு மில்லியே என்னிடம் சொன்னாள், சந்தோஷத்தில் அவளுக்கு வாய் நிற்கவில்லை.

"ஊரே படிக்குதாமேம்மா?"

"ஆமா. எங்க போனாலும் அதே பேச்சுதான்."

"நீ?"

"நான் படிக்காம வேற யாருடி படிப்பா?"

"என் மேல கோவம் இல்லையா?"

"எனக்கென்ன கோவம். புத்தக வாரத்துக்கு வா. உனக்குப் புடிச்ச தேன் கேக் செஞ்சு வைக்கிறேன்."

"தேன் கேக் எனக்கு எப்பம்மா புடிச்சுது? அது அப்பாவுக்குல்ல."

வருகிறேன் என்று சொல்லிவிட்டாள். மில்லி திரைச்சீலைகளைத் துவைக்கக் கொடுத்தாள், முடியை அலைஅலையாகச் சுருட்டிக்கொண்டாள். ஆனால் அதற்குள் கட்டடம் வாசற்கதவு மறையும் அளவுக்குப் போயிருந்தது. கூடத்தின் பெரிய சன்னல் புல்தரைக்குச் சரிமட்டமாக இருந்ததால், அதைத் திறந்து உள்ளே ஏணி வைத்து இறங்கிக்கொண்டிருந்தோம். இந்த நவம்பர் தாங்காது, நிலவறையைக் காலி செய்தால் நிற்கலாம் என்று ஸ்டெஃபான் சொன்னான். குழு கூடியது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை பேருந்தில் வந்துபோகிற இளம் ரபி, ஜெபப் புத்தகங்களைத் தனியாக எடுத்துவிட்டு மற்றதைத் தாராளமாகப் போடலாம் என்று தீர்ப்புச் சொன்னார். பழைய காப்பீட்டு முகவர் சோல் ஃபெல்டருக்கு வாய் கொஞ்சம் நீளம்.

"துப்பறியும் கதையெல்லாம் மோசே மலையிலேருந்து எறக்கிக் கொண்டாந்ததா? பெட்டிய ஒண்ணொண்ணாப் பிரி, வேண்டாததத் தூக்கி லாரில போடு. கட்டடமாவது மிஞ்சும்," என்றார்.

பெட்டியைப் பிரித்தால் என்ன வெளிவரும் என்பது மில்லிக்கு நன்றாகத் தெரியும். அவள் எழுந்து நின்றாள்.

"புஸ்தகத்தத் தூக்கிப் போட்டவங்க யாருன்னு நமக்குத் தெரியாதா, சோல்? உங்க அக்காவக் கேட்டிருந்தா சொல்லியிருப்பா. அவங்களோட நம்ம ஊரு பேரும் சேரணுமா?"

சோலின் அக்கா, யூதர்களையும் புத்தகங்களையும் எரித்த அந்தக் கால ஐரோப்பாவிலிருந்து உயிரோடு வந்துசேர்ந்தவள். சோல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒரு பெட்டியையும் தொடுவதில்லை என்று முடிவாயிற்று. மில்லி இறந்தவர்களை எல்லாம் துணைக்கு அழைத்து ஒரு பொய்யைக் காப்பாற்றிக்கொண்டாள் என்று இப்போது எனக்குத் தெரிகிறது. அப்போது நானும் கைதட்டியவன்தான்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் ஆர்லீன் வந்தாள். அப்பாவின் அதே நீள முகம். "இப்படி ஒரு மேடைக்கு நான் எறங்கினதே இல்ல," என்று சிரித்துக்கொண்டே ஏணியில் இறங்கினாள். மிச்சமிருந்த நாங்கள் எல்லோரும் நல்ல உடுப்பில் வந்திருந்தோம். மேசையில் ஹெர்ரிங் மீனும் பிஸ்கட்டும் தேன் கேக்கும் இருந்தன. மில்லி முன்வரிசையில் உட்கார்ந்து மகளின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளை அவ்வளவு மகிழ்ச்சியாக நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஆர்லீன் புத்தகத்தைத் திறக்கவில்லை. நீங்கள் எல்லோரும் படித்ததுதானே, நான் மறுபடி படித்துக் காட்டுவானேன், பேசுவோம் என்றாள். அந்த அடக்கத்தைப் பற்றி எழுதியது சரியா தப்பா, மனதில் பட்டதைச் சொல்லுங்கள் என்று கேட்டாள். யாராவது இருமினால் தேவலை என்றிருந்தது.

"படிச்சவங்க கையத் தூக்குங்க," என்றாள் சிரிப்பு மாறாமல்.

ஒரு கையும் உயரவில்லை. சோல்தான் பாவம் பார்த்து வாயைக் கொடுத்தார். "படிக்கணும்னுதாம்மா நெனச்சோம். கடைக்கு வந்த அன்னிக்கே உங்கம்மா மொத்தத்தையும் வாங்கிடறாங்களே."

ஆர்லீன் அம்மாவைப் பார்த்தாள். பிறகு நிலவறைக் கதவைப் பார்த்தாள், எங்களில் சிலருடைய கண்கள் அங்கே போயிருந்தன. கீழே இறங்கினாள். மில்லி பின்னாலேயே போனாள். கதவு திறந்திருந்ததால் எல்லாம் மேலே கேட்டது.

"ஒரு பெட்டியக்கூட பிரிக்கல."

மில்லி ஒரு பெட்டியை நகர்த்தும் சத்தம் கேட்டது.

"நீ படிச்சியா?"

"இல்ல."

"ஃபோன்ல படிச்சேன்னியே."

"நீ வரணுமேன்னு சொன்னேன்."

"நான் வந்ததே நீ படிச்சேன்னுதாம்மா."

மேலே வந்தவள் யார் முகத்தையும் பார்க்காமல் கோட்டை மாட்டிக்கொண்டு ஏணியில் ஏறினாள். கார் கிளம்பும் சத்தம் கேட்டது. அப்போதுதான் கட்டடம் இறங்கத் தொடங்கியது. வழக்கமாக ஒரு படியோடு நிற்பது அன்றைக்கு நிற்கவில்லை, காப்பியில் தோய்த்த ரொட்டி போல மெதுவாக, சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. ஒருவரை ஒருவர் தள்ளி ஏற்றிவிட்டு வெளியே வந்தோம். தட்டுகளைக்கூட எடுத்து வந்துவிட்டோம். மில்லி மட்டும் நிலவறையில் விளக்குக்கு அடியில் ஒரு பெட்டியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, மகளின் புத்தகத்தைக் கையில் எடுத்திருந்தாள். ஸ்டெஃபான் படிக்கட்டிலிருந்து கெஞ்சினான்.

"மேடம், சன்னல்ல வெளிச்சம் ஒரு சாண்தான் தெரியுது. ஏறிடுங்க."

"நீ போ. நான் இப்பதான் மொதல் பக்கத்துல இருக்கேன்."

"வெளியில வந்து படிக்கலாமே."

"என்னைப் பத்தி என்ன எழுதியிருக்கான்னு பாக்காம எப்படிப்பா அவ மொகத்துல முழிக்கிறது?"

அவனை நாங்கள்தான் கையைப் பிடித்து இழுத்து எடுத்தோம். பொழுது சாயும்போது கூரையின் தார் புல்லுக்குச் சரியாக இருந்தது. அதன் பிறகு புல் மூடிக்கொண்டது.

நெடுஞ்சாலை விடுதியில் ஆர்லீனைப் பிடித்துச் சொன்னோம். வந்து புல்லின் மேல் நின்றாள். நகராட்சி எந்திரத்தைக் கொண்டுவந்து தோண்டியது. ஒரு ஆள் ஆழத்தில் பாறை வந்தது. அதற்குக் கீழும் பாறைதான், செங்கல்லோ சன்னலோ எதுவும் தட்டுப்படவில்லை. பிட்ஸ்பர்க் பொறியாளர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார் என்று பேசிக்கொண்டார்கள். குழியை மூடினார்கள். ஆர்லீன் எங்கள் வழக்கப்படி ஏழு நாள் துக்கத்துக்கு உட்கார வேண்டும் என்றாள். அடக்கத்திலிருந்துதான் துக்க நாட்கள் தொடங்கும், ஏற்கெனவே மண்ணுக்குள் இருப்பவரை எப்படி அடக்கம் செய்வது என்று இளம் ரபி திணறினார். அவள் இறந்ததாகவே சொல்ல முடியாது, கீழே படித்துக்கொண்டிருக்கிறாள் என்றார். அது உண்மைதான். காதைத் தரையில் வைத்தால் பக்கம் புரளும் சத்தம் கேட்டது. நானும் கேட்டேன்.

ஆர்லீன் அந்த வாரம் ஊரிலேயே தங்கினாள். காலையில் வந்து கோட்டை விரித்துப் படுத்துக் காதை மண்ணில் வைத்துக்கொள்வாள். தன் புத்தகம் என்பதால் எந்த இடத்தில் எவ்வளவு நேரம் ஆகும் என்று அவளுக்குத் தெரிந்தது. "இப்ப பனிப்புயல்ல இருக்கா," என்பாள். "இப்ப கல்லறைத் தோட்டம்." அந்த அத்தியாயத்தில் பக்கம் திரும்பிப் போகும் சத்தம் அடிக்கடி கேட்டதாகச் சொன்னாள், திரும்பத் திரும்ப அதையே படித்தாளாம். அதனால் அந்தச் சின்னப் புத்தகம் முடிய ஒரு வாரம் பிடித்தது. கடைசிப் பக்கம் புரண்டு, புத்தகம் மூடும் சத்தமும் கேட்டது. நாங்கள் எல்லோரும் சுற்றி நின்றிருந்தோம்.

"அம்மா," என்று ஆர்லீன் மண்ணைப் பார்த்துக் கூப்பிட்டாள். "எப்படிம்மா இருக்கு? நான் எழுதினது தப்புன்னா தப்புன்னு சொல்லு. ஏதாவது சொல்லும்மா."

இருட்டும்வரை காத்திருந்தோம். மறுநாளும் காத்திருந்தோம். கீழேயிருந்து ஒரு சத்தமும் இல்லை, அதற்குப் பிறகும் வரவில்லை.

புத்தக வாரத்தை இப்போது அந்தப் புல்தரையில் நடத்துகிறோம். மடக்கு நாற்காலிகள், ஒரு மேசை, மழைக்கு ஒரு கூடாரம். எழுத்தாளர்கள் வரக் குறைந்துவிட்டார்கள், நாங்களும் குறைந்துவிட்டோம். தரை அதற்குமேல் இறங்கவில்லை. ஆர்லீன் வருடம் தவறாமல் சிகாகோவிலிருந்து வருகிறாள். அந்தப் புத்தகத்துக்குப் பிறகு அவள் எதுவும் எழுதவில்லை. காரிலிருந்து இறங்கியதும் முதலில் ஸ்டெஃபானிடம்தான் போவாள்.

"ஏதாவது கேட்டுச்சா?"

"இல்லம்மா."

சரி என்று தலையாட்டிவிட்டு, நாற்காலிகளைப் பிரித்துப் போட உதவுகிறாள்.