பதினேழாம் எண் குழாய்

...இல்லை, கலங்கல்தான், கண் ஏமாற்றவில்லை, ரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கிற சென்ட்ரிஃபியூஜின் மூடியைத் திறந்து குழாய்களை ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து ஸ்டாண்டில் செருகிக்கொண்டே வந்தவள் பதினேழில் நின்றுவிட்டேன். மற்ற எல்லாவற்றிலும் கீழே சிவப்பு, மேலே தெளிந்த மஞ்சள். பதினேழில் மட்டும் மேலே நிற்கும் சீரம், பாலில் தண்ணீர் விட்ட மாதிரி வெளுத்திருந்தது. இந்த வெள்ளையை எனக்குத் தெரியும், ரத்தத்தில் கொழுப்பு மிதந்தால் வருகிற வெள்ளை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை என் கையிலிருந்து எடுப்பதும் இப்படித்தான் நிற்கும், என்ன, என்னுடையது இன்னும் கெட்டி, குழாயைச் சாய்த்தால் ஒட்டிக்கொண்டு மெல்ல இறங்கும்... சரி, எனக்கு நாற்பத்து நான்கு வயது, இவளுக்கு, சீட்டைப் பார்க்கிறேன், இருபத்தாறு, இருபத்தாறில் எனக்கும் இப்படி நீர்த்துத்தான் இருந்திருக்கும், யார் கண்டது, அப்போது யார் எடுத்துப் பார்த்தார்கள்? குழாயை ஸ்டாண்டில் செருக மனம் வரவில்லை. இதில் என்ன அதிசயம், இருபது வருடமாக இதே வேலை, கலங்கிய குழாய் வாரத்துக்கு இரண்டேனும் வரும், முக்கால்வாசிப் பேர் வெறும் வயிற்றோடு வரச் சொன்னால் நன்றாகத் தின்றுவிட்டு வந்து முழிப்பவர்கள். ஆனால் இருபத்தாறு வயதுப் பெண், சீட்டில் டாக்டர் எழுதியிருப்பது சர்க்கரையும் கொழுப்பும். எனக்கும் முதலில் இந்த இரண்டைத்தான் எழுதினார்கள்.

என் உடம்பைக் கட்டிய கொத்தனார் பாதி வேலையில் எழுந்து போய்விட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். முகத்திலும் கழுத்திலும் கொழுப்பை அள்ளி அப்பியாயிற்று, கையிலும் காலிலும் பின்பக்கத்திலும் பொட்டுக்கூட இல்லை, தோலுக்கு அடியில் நேரே தசை, தசைமேல் கயிறு கயிறாக நரம்பு. கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தால் குண்டம்மா, எழுந்து நடந்தால் எல்லார் கண்ணும் காலுக்குப் போகும். பள்ளிக்கூடத்தில் பயில்வான் என்றார்கள், போன வருடம் பஸ்ஸில் ஒருத்தி எந்த ஜிம்முக்குப் போறீங்க என்று கேட்டாள், வாயைக் கட்டு, குறைத்துச் சாப்பிடு என்று சொல்லாதவர்கள் கிடையாது, பசிதான் எனக்கு அடங்கவே அடங்காது என்பதை யாரிடம் சொல்ல? மர நாற்காலியில் பத்து நிமிடம் உட்கார்ந்தால் எலும்பு குத்தும், அதனால் போகிற இடமெல்லாம் ஒரு சின்ன மெத்தையைத் தூக்கிக்கொண்டு போகிறேன், லேபில் அதற்குச் சிம்மாசனம் என்று பெயர். தங்கச்சி சொல்வாள், "உனக்குக் கொழுப்பு உடம்புல இல்லடி, வாயிலதான் இருக்கு." நானும் சிரிப்பேன். அவளுக்கு இது இறங்கவில்லை, அவள் கையைத் தலைக்கு வைத்துப் படுத்தால் எழுந்திருக்க மனம் வராது, அவ்வளவு மெத்தென்று இருக்கும். முப்பத்தெட்டு வயதில்தான் ஒரு டாக்டர் இதற்கு நீளமாக ஒரு பெயரைச் சொன்னார், குடும்பத்தில் இறங்கி வருவது, பல லட்சம் பேரில் ஒருவருக்கு என்றார், கழுத்துக்குக் கீழே மட்டும் படம் எடுத்துக்கொண்டார். "இந்த ஊர்ல வேற யாராவது இருக்காங்களா டாக்டர்?" என்று கேட்டேன். "எனக்குத் தெரிஞ்சு நீங்க ஒருத்தர்தான்" என்று பரிசு கொடுக்கிற மாதிரி சொன்னார். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

ஒருத்தி இல்லை, இரண்டு பேராக இருந்தோம். அம்மாவும் நானும் ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருப்போம், நாலு கால், நாலும் ஒரே அச்சு, "இதுல என் கால் எது, உன் கால் எதுடி?" என்பாள், கிச்சுக்கிச்சு மூட்டித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அவள் இருந்தவரை இது வியாதி என்று தோன்றவே இல்லை, எங்கள் வீட்டு வார்ப்பு, அவ்வளவுதான். ஒருநாள் வயிற்று வலி என்றாள், மூன்றாம் நாள் இல்லை, ரத்தத்தில் கொழுப்பு ஏறிக் கணையம் புண்ணாகிவிட்டது என்றார்கள். அந்த ஆஸ்பத்திரி லேபில் கெஞ்சிக் கேட்டு அவள் குழாயைக் கையில் வாங்கிப் பார்த்தேன், அத்தனையும் பால். பதினோரு வருடம் ஆகிறது. அதற்குப் பிறகு தெருவில், கடையில், பஸ் நிறுத்தத்தில் போகிற வருகிற பெண்களின் கெண்டைக்காலைப் பார்த்துக்கொண்டேதான் நடக்கிறேன், பைத்தியக்காரி என்று நினைத்தால் நினைக்கட்டும், ஒரு கால், ஒரே ஒரு கால் அப்படி இருந்துவிடாதா?

வழக்கமாக ஜன்னல் வழியாகக் குரல் கொடுத்தால் போதும், பதினேழு சாப்பிட்டாங்களான்னு கேளுங்க என்று, ரத்தம் எடுக்கிற நர்சம்மா கேட்டுச் சொல்லிவிடுவார். இன்றைக்கு நானே எழுந்தேன். நர்சம்மா ஆச்சரியப்பட்டார், "என்ன, சிம்மாசனத்த விட்டு எறங்கிட்டீங்க?" பதினேழைப் பார்க்க வேண்டும் என்றேன். "அந்தப் பொண்ணா? ஐயோ, நரம்பே சிக்கல, ரெண்டு தடவ குத்திட்டேன், பூசுன மாதிரி கை." கேட்டேன், காதில் நன்றாகவே விழுந்தது, இங்கே புதிதாகச் சேருகிறவர்கள் குத்திப் பழகுவதே என் கையில்தான், கண்ணை மூடிக்கொண்டு குத்தினாலும் நரம்பு கிடைக்கும், எங்கள் வார்ப்பில் நரம்பு சிக்காமல் போகாது... ஆனால் தண்ணீர் குடிக்காமல் வந்திருப்பாள், பயத்தில் நரம்பு உள்ளே போயிருக்கும், நர்சம்மாவுக்கும் வயதாகிறது, கண்ணாடியை மாற்றவே மாட்டேன் என்கிறார். வராந்தாவில் பதினைந்து அடி நடப்பதற்குள் என்னென்ன யோசித்துவிட்டேன், என் போன் நம்பரைக் கொடுப்பேன், மெத்தை எங்கே வாங்குவது என்று சொல்வேன், உன் தப்பு எதுவும் இல்லைம்மா என்று முதலில் சொல்லிவிடுவேன், ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச் சொல்வேன், கட்டிலில் காலை நீட்டி...

டாக்டரைப் பார்க்கக் காத்திருந்தாள். வட்ட முகம். முழுக்கைச் சட்டை, தொளதொளவென்று கால்சட்டை, நானும் இருபது வருடமாக இப்படித்தானே மூடிக்கொண்டு திரிகிறேன். நாற்காலியில் நெளிந்துகொண்டிருந்தாள், குத்துகிறது போல, அந்த பிளாஸ்டிக் நாற்காலியில் யார்தான் நெளியவில்லை என்று மனத்துக்குள் ஒரு குரல், அதை வாயை மூடச் சொன்னேன். "வெறும் வயித்துலதான வந்தீங்க?" என்றேன், என் குரல் எனக்கே கெஞ்சுவது போல் கேட்டது. "ஆமா மேடம், நேத்து எட்டு மணிக்கு மேல ஒண்ணுமே சாப்பிடல." ஒண்ணுமே சாப்பிடல. சந்தோஷம். வேறு எந்த வார்த்தையும் இல்லை, சுத்தமான சந்தோஷம், பதினோரு வருடமாக இப்படி ஒன்று உள்ளே வந்ததில்லை, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன், அவள் கையைக்கூடப் பிடித்துவிட்டேன் என்று நினைக்கிறேன், பயப்படாதே, நானும்தான், என்று சொல்ல வாயெடுக்கும்போது அவள் என் பக்கம் சாய்ந்து குரலைத் தாழ்த்தினாள். "அக்கா, டாக்டர்கிட்ட சொல்லிடாதீங்க. காலைல கேக் இருந்துச்சு, ரெண்டு துண்டு... கிரீம் வச்சது. கண்ட்ரோல் பண்ண முடியல. தெரிஞ்சுடுச்சா?" நான் பிடித்திருந்த கை, இப்போதுதான் பார்க்கிறேன், சட்டைக்கு உள்ளே கொழுகொழுவென்று, தங்கச்சி கை மாதிரி இருந்தது.

"தெரிஞ்சுது. நாளைக்குக் காலைல எதுவும் சாப்பிடாம வாங்க, மறுபடி எடுக்கணும்." "வேற ஒண்ணும் இல்லல்லக்கா?" "ஒண்ணும் இல்ல, நல்லா இருக்கீங்க" என்றேன், துக்கச் செய்தி சொல்கிற குரலில். அவள் சிரித்துவிட்டாள், நிம்மதியாக, அழகான பெண். திரும்பி வந்து பதினேழைக் கழிவுப் பெட்டியில் போட்டேன், பதினெட்டை எடுத்தேன், தெளிந்த மஞ்சள், பத்தொன்பது, தெளிந்த மஞ்சள். அந்தப் பதினைந்து அடியில் நான் ஆசைப்பட்டது என்ன? துணையா? துணைதான், ஆனால் அந்தத் துணையோடு சேர்ந்து அடங்காத பசியும் வருமே, அம்மாவின் அந்த மூன்று நாளும் வருமே, யார் பெற்ற பெண்ணுக்கோ அத்தனையையும் கொடு என்றல்லவா கேட்டுக்கொண்டு போயிருக்கிறேன், அதுவும் எவ்வளவு ஆசையாக. வெட்கமாக இருந்தது, வெட்கத்தைவிடத் தனிமையாக இருந்தது. நாளைக் காலை அவளுடைய குழாய் தெளிவாக வரட்டும் என்று நினைக்கப் பார்த்தேன், நல்லவர்கள் அப்படித்தானே நினைப்பார்கள், வரட்டும், தெளிவாக வரட்டும்... இன்னொரு முறை முயன்று பார்த்தேன். நினைக்க வரவில்லை.