ஆடி மாதத்து ஆதாரங்கள்

கனடா விசா அலுவலகத்திலிருந்து அந்த மின்னஞ்சல் வந்தபோது, கலைப்பிரியா திண்டிவனத்தில் தான் வேலை பார்க்கும் மருந்துக்கடையில் ஒரு பெரியவருக்கு இருமல் மருந்து எடுத்துக்கொண்டிருந்தாள். விசாதான் வந்துவிட்டது என்ற சந்தோஷத்தில் பேன் மருந்தை எடுத்து நீட்டிவிட்டாள்.

"இத்தக் குடிக்கணுமா, தலையில தேய்க்கணுமா?" என்று பெரியவர் கேட்ட பிறகுதான் அவளுக்கு நினைவு திரும்பியது.

ஆனால் வந்தது விசா இல்லை, ஒரு கேள்வி. 'திருமணம் முடிந்து உங்கள் கணவர் ஆகஸ்ட் பாதி வரை இந்தியாவில் இருந்திருக்கிறார். ஆனால் ஜூலை பாதியிலிருந்தே நீங்கள் திண்டிவனத்திலும் அவர் விழுப்புரத்திலுமாகத் தனித்தனி வீட்டில் வசித்ததாக எழுதியிருக்கிறீர்கள். ஒரு மணி நேரப் பயண தூரத்தில் இருந்துகொண்டு ஏன் பிரிந்து வாழ்ந்தீர்கள்? உங்கள் உறவு உண்மையானதுதான் என்பதற்கு ஆதாரம் என்ன? ஒரு மாதத்துக்குள் பதில் அனுப்பவும்.'

கலைப்பிரியாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் மின்னஞ்சலை இன்னொரு தடவை படித்தாள். ஆடி என்று ஒரு மாதம் இருக்கிறது, அது பிறந்ததும் பெண் வீட்டார் சீர்வரிசைத் தட்டோடு வந்து புதுப் பெண்ணை அழைத்துப் போய்விடுவார்கள், ஆடியில் உண்டாகிற பிள்ளை சித்திரையில் பிறந்தால் அப்பனுக்கு ஆகாது என்று மாமியார்கள் நடுங்குவார்கள். இதையெல்லாம் எங்கோ பனிக்குள் உட்கார்ந்திருக்கும் அதிகாரியிடம் எப்படிச் சொல்வது?

சாயங்காலம் கோகுலகிருஷ்ணனுக்குப் போன் செய்தாள். அவனுக்கு அங்கே விடிகாலை. பாதி வருஷம் ஊரே குளிர்பெட்டியாகக் கிடக்கும் வினிபெக் நகரத்தில் அவன் ஃபிரிட்ஜ் மெக்கானிக். அந்த ஊரில் எதற்கு ஃபிரிட்ஜ் என்று கலைப்பிரியா பெண் பார்த்த அன்றே கேட்டாள். அந்தக் கேள்வியில்தான் அவன் விழுந்தான்.

"பிரிஞ்சி இருந்தமா? நாமளா? யாரு சொன்னது?" என்றான்.

"நான்தான் சொன்னேன். எங்க இருந்தீங்கன்னு கேட்டான், எழுதினேன். பொய் எழுதினா அஞ்சு வருஷம் உள்ளயே விட மாட்டேன்னு மெரட்டி இருந்தானே."

"அதுக்கென்ன, போட்டோவ அனுப்பிட்டாப் போச்சு. ஆடியில எடுத்தது என் போன் முழுக்க கெடக்குது."

"ஐயய்யோ, விக்கிரவாண்டி போட்டோவா? உங்கம்மா என்னக் கொன்னுடுவாங்க!"

"விசா வந்தா நீ இங்க இருப்ப. அவங்க எப்பிடிக் கொல்லுவாங்க?"

விஷயம் இதுதான். ஊர் வழக்கப்படி அவர்கள் பிரிந்து இருந்தார்கள். ஊருக்குத் தெரியாமல் வாரத்தில் பாதி நாள் சந்தித்துக்கொண்டும் இருந்தார்கள். கோகுலின் அப்பா பாண்டுரங்கன் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். விழுப்புரம் திண்டிவனம் சாலையில் ஓடும் பஸ்ஸெல்லாம் அவருக்குச் சொந்தக்காரர்கள் மாதிரி. அதனால் இருவரும் பாசஞ்சர் ரயிலைப் பிடித்தார்கள். அவள் இந்தப் பக்கமிருந்து, அவன் அந்தப் பக்கமிருந்து. நடுவில் விக்கிரவாண்டி நடைமேடையில் ஒரு சிமெண்டு பெஞ்சு.

வீட்டில் சொல்லக் காரணம் வேண்டுமே? விசாதான் காரணம். "விசாவுக்கு மயிலம் காலேஜ்ல சர்டிபிகேட் வாங்கணும்ப்பா" என்று கிளம்புவாள் கலைப்பிரியா. நன்னடத்தைச் சான்றிதழ், படித்த சான்றிதழ், படித்ததை உறுதி செய்யும் சான்றிதழ், உறுதி செய்ததைச் சரிபார்த்த சான்றிதழ். "உன் காலேஜு பாடத்த விட சர்டிபிகேட்தாம்மா ஜாஸ்தி நடத்துது" என்பார் அவள் அப்பா நடராசன். மல்லாட்டை என்கிற நிலக்கடலை போடும் விவசாயி; மகள் சொன்னால் நம்புகிறவர். விழுப்புரத்தில் கோகுலும் "விசா வேலையா போறேம்மா" என்று கிளம்புவான். "எம் புள்ள விசா விசான்னு அலைஞ்சி எளைச்சிட்டான்" என்று அவன் அம்மா அம்சா கட்டுசோறு கட்டிக் கொடுப்பார். அப்போது விண்ணப்பமே போடவில்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும்.

பிறகு விண்ணப்பம் போட்டபோது, கல்யாண ஆல்பத்திலிருந்து அம்சாவே உட்கார்ந்து படங்களைப் பொறுக்கினார். எல்லாப் படத்திலும் மணமக்களுக்கு நடுவில் அம்சா இருந்தார். அதிகாரிக்குச் சந்தேகம் வந்ததில் ஆச்சரியம் இல்லை.

கேள்வி வந்த மறுநாளே சம்பந்திகள் திண்டிவனம் வந்து இறங்கினார்கள்.

"இன்னா அநியாயம் இது! ஆடியில ஒண்ணா இருந்தாதான் தப்பு. இவன் பிரிஞ்சி இருந்தா தப்புன்றான்!" என்று அம்சா கூடத்தில் நின்றபடியே ஆரம்பித்தார். "அந்த ஆபீசருக்கு மாமியாரே இல்லியா?"

"உக்காருங்க சம்பந்தியம்மா, மோர் குடிங்க" என்றார் நடராசன்.

"மோர் இருக்கட்டும். பெரியவங்க நாம சாட்சி சொல்லணும். நாமதான் பிரிச்சி வெச்சோம்னு முத்திரைத்தாள்ல எழுதி, கையெழுத்துப் போட்டுக் குடுப்போம். மானமா நடந்த விஷயம், சொல்றதுக்கு இன்னா வெக்கம்?"

கலைப்பிரியா கோகுலுக்குச் செய்தி அனுப்பினாள். அவன் துள்ளினான். 'சூப்பர். பெரியவங்க பத்திரம் ஒரு பக்கம், நம்ம போட்டோ ஒரு பக்கம். ரெண்டையும் நானே சேர்த்து அனுப்பிடறேன். அம்மாவுக்குத் தெரியவே தெரியாது.' அவளுக்கும் தலையிலிருந்து மூட்டையை இறக்கிய மாதிரி இருந்தது.

அந்த நிம்மதி வக்கீல் வீடு வரைக்கும்தான் தாங்கியது.

வக்கீல் ஜாக்குலின், கலைப்பிரியாவுக்குப் பள்ளியில் இரண்டு வகுப்பு மேலே படித்தவள். வீட்டு முன்னறைதான் அலுவலகம். எல்லாரும் நாற்காலி போதாமல் நெருக்கி உட்கார, ஜாக்குலின் கணினியைத் திறந்தாள்.

"எங்க வீட்ல ஆடி கெடையாதுங்க. தவக்காலத்துல கல்யாணம் வைக்க மாட்டோம், அதோட சரி. அதனால நீங்க சொல்லுங்க, நான் இங்கிலீஷ்ல எழுதிடறேன்."

அம்சா தொண்டையைக் கனைத்துக்கொண்டார். மாரியம்மன் கோயில் மைக்கில் பேசுகிற மாதிரி நிமிர்ந்தார். "ஆடி ஒண்ணாந்தேதி பொண்ண அனுப்பிச்சோம். ஆடி முடியிற வரைக்கும் ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் கண்ணால கூடப் பார்த்துக்கல. இது சத்தியம். எழுதும்மா."

"கண்ணால கூடவா?" என்றாள் ஜாக்குலின்.

"கண்ணால கூட! நான் வளத்த புள்ள அது."

ஜாக்குலின் தட்டச்சு செய்தாள். ஒரு பக்கம் கண்ணால் கூடப் பார்க்கவில்லை என்று மாமியார் செய்த சத்தியம். அதே உறைக்குள், ஒரே பெஞ்சில் இடைவெளி இல்லாமல் உட்கார்ந்திருக்கும் ஆடி மாதத்துப் படங்கள், தேதியோடு. இரண்டும் ஒன்றாகப் போனால் ஒன்று பொய் என்று குழந்தைக்குக் கூடத் தெரியும். அஞ்சு வருஷம். படங்களை அனுப்பாமல் விட்டால் நடுவில் மாமியார் நிற்கும் ஆல்பம்தான் மிச்சம். அதை நம்பாததால்தானே கேள்வியே வந்தது.

அச்சான தாள் வந்தது. அம்சா பேனாவைத் திறந்தார்.

"அத்தை, கையெழுத்துப் போடாதீங்க."

"ஏன், பேனா எழுதலையா?"

"அதுல எழுதியிருக்கிறது பொய், அத்தை."

கலைப்பிரியா கண்ணை மூடிக்கொண்டு, குளத்தில் குதிப்பது போல ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். ரயில், விக்கிரவாண்டி, பெஞ்சு எல்லாம்.

முதலில் பேசியது நடராசன். "அப்ப அந்த சர்டிபிகேட்டு?"

"ஒண்ணு நெஜம்ப்பா."

"ஒண்ணா! நான் ஊர்ல எல்லார்கிட்டயும் எம் பொண்ணுக்கு ஒம்போது சர்டிபிகேட்டுன்னு சொல்லிக்கினு திரியறேன்!"

பாண்டுரங்கன் லேசாக இருமினார். "எனக்கு அப்பவே தெரியும். ஒரு நாள் ரயிலு லேட்டாகி, மருமவள திண்டிவனத்துல விட்டுட்டு வரலாம்னு ரெண்டும் பஸ்ல ஏறியிருக்குதுங்க. நம்ம ராயப்பன் கண்டக்டரா போற வண்டி. ஏறின அடுத்த ஸ்டாப்லயே எனக்குப் போன் பண்ணிட்டான். அண்ணே, உங்க மருமவ கடைசி சீட்டுல உங்க மவன் தோள்ல தூங்கிக்கினு வருதுண்ணேன்னான்."

"தெரிஞ்சிக்கினே எங்கிட்ட சொல்லலியா நீங்க?" அம்சா கணவன் பக்கம் திரும்பினார்.

"தூங்கிக்கினுதானேடி வந்துது."

அம்சாவின் முகம் மூடிய கதவாகிவிட்டது. பேனாவை மூடி மேசையில் வைத்தார். "ஆக, ஊர்ல இருக்கிற கண்டக்டருக்கெல்லாம் தெரியும். நான் ஒருத்திதான் பைத்தியக்காரி. போட்டோவ காட்டுடி."

கலைப்பிரியா, கோகுல் அனுப்பி வைத்திருந்த படங்களைத் திறந்து போனை நீட்டினாள். அம்சா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தள்ளினார். மஞ்சள் பெயர்ப்பலகைக்குக் கீழே இருவர். மழைக்கு ஒரே துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு இருவர். தன் விரலில் கோகுல் கட்டிவிட்ட ரயில் டிக்கெட்டு மோதிரத்தைப் பார்த்துச் சிரிக்கும் கலைப்பிரியா. அடுத்த படத்தில் அவர் விரல் நின்றது. பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார்.

இருவருக்கும் நடுவில் பெஞ்சின் மேல் ஒரு எவர்சில்வர் டப்பா. அதன் மூடியில் பாத்திரக் கடைக்காரன் புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்து: பா. அம்சா.

"இது என் டப்பா."

"ஆமா, அத்தை."

"நான் அவனுக்குக் கட்டிக் குடுத்த புளிசோறு."

"ஆமா, அத்தை."

"நீயா துன்ன?"

"பாதி, அத்தை."

அம்சா அவளை மேலும் கீழும் பார்த்தார். "நல்லா இருந்துதா?"

கலைப்பிரியாவுக்கு இனி எதையும் மறைக்கும் தெம்பு இல்லை. "ருசியா இருந்துது. காரம்தான் கொஞ்சம் தூக்கல். அவருக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சி."

"அவன் சின்னதுல இருந்தே அப்பிடித்தான். காரம் ஆகாது, ஆனா போடலன்னா சோறு எறங்காது." சொல்லி முடிப்பதற்குள் அம்சாவின் உதட்டோரம் கோணியது. கட்டுப்படுத்தப் பார்த்தார், முடியவில்லை. "எளைச்சிட்டான் எளைச்சிட்டான்னு நான் தெனம் ஒரு கரண்டி சேத்துப் போட்டேனே! பாதிய மருமவ துன்னா எப்பிடிடா தேறுவான்!" வெடித்துச் சிரித்தார். பாண்டுரங்கன், மனைவி சிரித்துவிட்டதை உறுதி செய்துகொண்டு, பிறகு தானும் சிரித்தார்.

அந்த நேரம் பார்த்து கோகுலின் வீடியோ அழைப்பு வந்தது. போன் அம்சாவின் கையில் இருந்தது. அவரே எடுத்தார்.

"கலை, பத்திரம் ரெடியா..." என்று பல் துலக்கிக்கொண்டே வந்த கோகுல், திரையில் அம்மாவைப் பார்த்ததும் நுரையை விழுங்கிவிட்டான்.

"விக்கிரவாண்டில புளிசோறு எப்பிடிடா இருந்துது?" என்றார் அம்சா.

திரை அணைந்தது. கொஞ்ச நேரம் கழித்து, வாயைக் கழுவிக்கொண்டு, அவனே மறுபடி அழைத்தான்.

"அம்மா, மன்னிச்சிடும்மா."

"உங்கிட்ட அப்புறம் பேசறேன். இப்ப வேலை இருக்குது." அழைப்பைத் துண்டித்துவிட்டு ஜாக்குலின் பக்கம் திரும்பினார். "அந்தத் தாளக் கிழிச்சிப் போடும்மா. புதுசா எழுது. நான் சொல்றத அப்பிடியே எழுதணும், மெருகு போடக் கூடாது."

ஜாக்குலின் விரல்களை எடுத்து விசைகள் மேல் வைத்தாள்.

"என் பேரு அம்சா. ஆடி மாசத்துல புருஷன் பொண்டாட்டி சேந்து இருக்கக் கூடாதுன்றது எங்க வழக்கம். அதனால எம் மவனையும் மருமவளையும் பிரிச்சி வெச்சது நான்தான். அவங்களுக்கு அதுல இஷ்டம் இல்ல. என்ன ஏமாத்திட்டு அவங்க ரயில்ல போய்ப் போய்ப் பார்த்துக்கினாங்க. எனக்கு இது இன்னிக்குத்தான் தெரியும். எனக்குக் கோவம் இன்னும் தீரல. போட்டோல இருக்கிற சோறு நான் ஆக்கினது, டப்பா என்னுது, பேரு வெட்டியிருக்குது பாத்துக்க. இவங்க ரெண்டு பேரும் நெஜமான புருஷன் பொண்டாட்டி இல்லன்னா, எதுக்கு எனக்கு பயந்துக்கினு இத்தினி தூரம் போயி சோறு துன்னணும்? யோசன பண்ணிப் பாரு."

"அதிகாரிய 'பாரு'ன்னு எழுதலாமாம்மா?" என்று நடராசன் மெல்லக் கேட்டார்.

"சரி, பாருங்கன்னு போடு."

ஜாக்குலின் எழுதிக்கொண்டே முகத்தைத் திருப்பித் திருப்பிச் சிரித்தாள். சத்தியப் பிரமாணத்தில் ஒரு மாமியாரின் கோபத்துக்கு அவள் முத்திரை குத்துவது அதுதான் முதல் தடவை. அம்சா கையெழுத்தை அழுத்திப் போட்டார். சாட்சியாகப் பாண்டுரங்கன், நடராசன். டப்பாவின் இன்றைய படம் ஒன்றும் வேண்டும் என்று அம்சாவே சொல்லி, விழுப்புரம் போனதும் விளக்கி, துடைத்து, எடுத்து அனுப்பினார்.

பதில் வர இரண்டு மாதமானது. அந்த இரண்டு மாதமும் கலைப்பிரியா கடையில் மருந்தை இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் கொடுத்தாள். ஒரு மதியம் சாப்பிட்டுக் கை கழுவுகையில் போன் அதிர்ந்தது. ஈரக் கையோடு திறந்தாள். விசா முத்திரை குத்துவதற்காகப் பாஸ்போர்ட்டை அனுப்பி வைக்கும்படி எழுதியிருந்தது.

அவள் போட்ட சத்தத்தில் எதிர்க்கடை செருப்புக்காரர் எழுந்து வந்துவிட்டார். வினிபெக்கில் அப்போது நல்ல இருட்டு, கோகுல் தூங்கிக்கொண்டிருப்பான். எழுப்பத்தான் போனாள். ஆனால் விரல் அதற்கு முன்பே வேறு எண்ணை அழுத்திவிட்டது.

"அத்தை! விசா வந்துடுச்சி அத்தை!"

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் ஒலி கேட்டது.

"என்னப் பத்தி எதனா எழுதியிருக்கானா?"

"இல்ல அத்தை. பாஸ்போர்ட்ட மட்டும்தான் கேட்டிருக்காங்க."

"அவ்ளோ கோவமா எழுதினேன், ஒரு வார்த்த கேக்கலியா!" குரல் உடைந்து, உடனே சரியானது. "சரி சரி, ஜல்தியா எம் மவன எழுப்பி சொல்லு. தூங்கட்டும்னு பாவம் பாக்காத. எழுப்பு!"

கலைப்பிரியா எழுப்பினாள்.